உத்திரம் வியர்க்கிறது என்று சொன்னவன் நான்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களே கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜப்பானில் நான் பார்த்த வேலை, போல்ட் முடுக்குவது. ஊருக்கு வந்து நான் விற்றது, ஆணியே இல்லாத வீடு!

சிரித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு காட்டாமல் எதையும் தொடங்க எனக்குத் தெரியாது. அது எவ்வளவு தூரம் கூட வருகிறதோ, அவ்வளவு தூரம் வரட்டும்.

குற்றத்தை நேராகவே சொல்கிறேன். கடியப்பட்டணத்தில் லில்லி அக்காவின் வீட்டுக் கூடத்து உத்திரத்துக்குள் நான் இரும்பை ஒளித்து வைத்தேன். அந்த உத்திரத்தில் என் கையாலேயே ஊஞ்சல் கட்டிக் குழந்தைகளை ஆடவிட்டேன். உத்திரம் விரிசல் விட்டபோது, பழியை என் கூட்டாளி தங்கையன் தலையில் இறக்கி வைத்தேன். அதன் பிறகு... அவனை மன்னிக்கவும் செய்தேன்!

ஆம், சரியாகத்தான் படித்தீர்கள். நான் அவனை மன்னித்தேன்.

என் பெயர் ஜஸ்டின். ஆனால் வெறும் ஜஸ்டின் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு, ஜப்பான் ஜஸ்டின். மணவாளக்குறிச்சியில் எங்கள் தெருவில் பெயருக்கு முன்னால் துபாயும் குவைத்தும் மஸ்கட்டும் ஒட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஜப்பான் நான் ஒருவன்தான். அந்த ஒற்றைப் பெருமை என் தலையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மரத்தைக் கையால் செதுக்கி, ஒன்றோடொன்று பூட்டி, ஆணியில்லாமல் வீடு கட்டும் மேதைகளின் நடுவில் நான் தொழில் பயின்றதாக ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மை என்ன? நான் நின்றது ஒரு தொழிற்சாலையில். வரைபடத்தைக் கணினி படிக்கும். இயந்திரம் மரத்தை விழுங்கும். மறுபக்கம் வெளியே வரும்போது நாக்கும் பள்ளமும் கச்சிதமாக வெட்டுப்பட்டிருக்கும். நான் அதைத் தூக்கி அடுக்குவேன். மரத்தூளைக் கூட்டுவேன். மேதைகளில் எனக்கு நெருக்கமானது துடைப்பம்தான்!

கையால் மரம் பூட்டும் தச்சர்களை நான் பார்த்தது ஒரே ஒரு நாள். ஒரு கோயில் கூரையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே, சுற்றுலா வந்தவர்களோடு நின்று செல்போனில் படம் பிடித்தேன்.

பிறகு வீடு கட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குப் பதவி உயர்வு. ஒவ்வொரு மரப் பூட்டிலும் உலோகத் தகடு வைத்து போல்ட் முடுக்கவேண்டும். பூட்டுதான் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே, தகடு எதற்கு என்று மேஸ்திரியிடம் அரைகுறை மொழியில் கேட்டேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தரை குலுங்குவதுபோல் ஆட்டிக் காட்டினார். பிறகு தகட்டில் ஒரு தட்டு. பாடம் முடிந்தது.

அந்தப் பாடத்தை நான் மறந்தேனா? மறக்கவில்லை. மறந்திருந்தால் நான் மடையனோடு நின்றிருப்பேன். தெரிந்துகொண்டே மறைத்ததால் வேறொன்றாக ஆனேன்...

லில்லி அக்கா குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். தனியாள். கடியப்பட்டணத்தில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் செங்கல், கூடத்துக் கூரை மட்டும் மரமும் ஓடும். என்னை வரவழைத்து முற்றத்தில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க அப்பாவுக்க வீட்டுல ஓடு மொத்தமும் எறங்கிச்சு, கேட்டியா. ஆணி பூராவும் துரு. கடக்காத்து இரும்ப வச்சுக்கிடாது. எனக்குக் கூரையில ஒரு பொட்டு இரும்பு வேண்டாம். ஒன்னால முடியுமா?"

"ஜப்பான்ல இதுதானே அக்கா எனக்க வேல!"

என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

வேலைக்குத் தங்கையனைக் கூட்டிக்கொண்டேன். சிறு வயதிலிருந்தே தெரிந்தவன். நல்ல மரவேலைக்காரன், முன்கோபி. சிரிப்பு வராத ஆள். நான் ஒரு வேடிக்கை சொன்னால், "பொறவு?" என்று கேட்பான், முடிந்துவிட்டது என்று விளக்க வேண்டியிருக்கும். என்னை 'லே' என்பான், 'மக்கா' என்பான். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஜப்பான் பற்றி நான் சொன்னதையெல்லாம் அவன் அப்படியே நம்பினான். மரத்தில் உளி வைக்கும் முன் அங்கே எல்லோரும் இடுப்பு வளைத்து மரத்தைக் கும்பிடுவார்கள் என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன்... இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவன், மரத்தின் முன்னால் வளைந்து நிற்கிறான்! நான் மறைவில் போய் நின்று சிரித்தேன். அவன் அதன் பிறகு தினமும் கும்பிட்டான்.

கூடம் அகலமானது. அந்த நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்கவில்லை. வள்ளம் செய்வதற்கு வாங்குகிற அயினி மரம் இரண்டை ஒட்டித்தான் உத்திரம் செய்யவேண்டும். இரண்டு கைகள் விரல் கோத்துக்கொள்வதுபோல, ஒரு மரத்தின் நுனி மற்றதைக் கவ்விப் பிடிக்கும் வெட்டு. மரத்தைத் தேர்ந்தவன் தங்கையன். தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நன்றாகக் காய்ந்ததாகத்தான் எடுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பின்னால் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஏலே, ஒட்ட நடுவுலயா வைக்குத? தூணுப் பக்கத்துல தள்ளி வையி" என்றான் தங்கையன்.

"ஜப்பான்ல நடுவுலதான் மக்கா."

"அங்க உத்திரம் நடுவுல தொங்காதா?"

"அங்க மரமெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும்."

"பொறவு?" என்றான் வழக்கம்போல. பிறகு ஒப்புக்கொண்டான்.

அங்கேயும் தூணுக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்! ஆனால் தூணின் மறைவில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? கூடத்துக்குள் நுழைகிறவர் கண் முதலில் விழும் இடம் நடுமையம். வீடியோவில் அழகாக விழும் இடமும் அதுதான்.

வீடியோ... ஆமாம். செல்போனை ஏணியில் கட்டிவைத்து, நானே வெட்டினேன். இழுக்கும்போது அறுக்கிற ஜப்பான் ரம்பம். நான் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே உண்மையான பொருள். கோட்டுக்கு வெளியே அறுக்கவேண்டும், கோடு மரத்தில் மிஞ்சவேண்டும். இது எந்த நாட்டுத் தச்சனுக்கும் தெரிந்தது. நானோ கேமராவைப் பார்த்துப் பல் காட்டியபடி கோட்டை முழுசாகத் தின்றுவிட்டேன்.

இரண்டையும் பூட்டிப் பார்த்தால் ஆட்டம். ஒரு நூல்தான், அதற்கு மேல் இல்லை. ஆனால் ஒரு நூல் இடைவெளியில் உத்திரத்தின் பிடி மொத்தமும் வழிந்து போகும். சீவலைத் திணித்து, தூளைப் பசையில் குழைத்து அடைத்து, 'தடக்' என்று பொருந்துவதுபோல் வீடியோவை முடித்து இணையத்தில் ஏற்றினேன். இதயம் இதயமாக வந்து குவிந்தது. அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. அழிக்க விரல் போகும்... திரும்பி வந்துவிடும். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

உத்திரத்தை ஏற்றியதும் நடுவில் மெல்ல இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத இறக்கம். எனக்குத் தெரிந்தது.

அப்போதே தங்கையனிடம் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பான். ஏலே சவமே என்றிருப்பான். இறக்கி, வேறு மரம் தேடி, வேறு இடத்தில் ஒட்டியிருப்போம். ஏன் சொல்லவில்லை? அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தானே மரத்தை, நான் சொன்னேன் என்பதற்காக! அந்த நம்பிக்கையின் முன்னால் வெறும் துடைப்பக்காரனாக நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாதா கோயில் திருவிழாவின் கொடியேற்று நாள் வந்தது. ஊரே கோயிலில். லில்லி அக்காவும் போய்விட்டார். தங்கையன் எங்கள் கோயில் ஆள் இல்லை. ஆனால் பேண்டு வாத்தியம் என்றால் உயிரை விடுவான். "நீ போய்க் கேளு மக்கா, நான் மெழுகு தேச்சுட்டு வாறேன்" என்று அனுப்பிவைத்தேன். பிறகு, கடையில் அவசரமாகக் கேட்டு வாங்கி மடியில் வைத்திருந்த போல்ட்டுகளை எடுத்தேன். துருப்பிடிக்காத வகை அங்கே இல்லை. சாதாரண இரும்பு. டிரில்லைப் போட்டு ஒட்டின் குறுக்கே துளைத்து, இரும்பை உள்ளே செலுத்தி முடுக்கி, போல்ட்டின் தலைக்கு மேலே வட்ட மரமுளையை அடித்து மூடி, சீவி வழவழப்பாக்கினேன்.

தூரத்தில் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த ஸ்பேனர் எவ்வளவு பழகிய பிடி தெரியுமா! ஊரில் நான் செய்த வேலைகளில் ஜப்பானில் கற்றதை ஒழுங்காகச் செய்தது அந்த ஒன்றைத்தான். ஆனால் கடற்கரையில், இரும்பே வேண்டாம் என்றவரின் கூரைக்குள்.

மறுநாள் தங்கையன் முளைகளைத் தடவிப் பார்த்தான். "இதென்ன, நேத்து இல்லையே?"

"அழகுக்கு மக்கா. ஜப்பான்ல இப்பிடித்தான் முடிப்பாவ."

"கொள்ளாம்லே" என்றான். அவன் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அதை வாங்கிக்கொண்டேன்.

லில்லி அக்கா வீட்டில் குடிபுகுந்தார். வருகிறவர் போகிறவரெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். லில்லி அக்கா மாலை நேரங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கூடத்தில் ஊஞ்சல் வேண்டும் என்றார். சங்கிலி கூடாது, கயிறுதான். நானே கட்டினேன். ஒட்டின் இருபுறமும் கயிறு இறங்கும்படி, அந்த அழகான பூட்டு சரியாக ஊஞ்சலுக்கு மேலே தெரியும்படி. என்னைவிடப் புத்திசாலியான ஒரு சாத்தான்கூட அந்த இடத்தைத் தேர்ந்திருக்க மாட்டான்!

பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஊஞ்சல் பரிசு. ஷைனி என்றொரு சிறுமி. தினமும் அவள்தான் ஜெயிப்பாள். என்னைக் கண்டால், "ஜப்பான் மாமா, பாத்தியா, எனக்க காலு உத்திரத்துல முட்டப் போவுது!" என்று கத்துவாள்.

அடுத்த எடவப்பாதியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், முளைகளைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு கறை கசிந்து இறங்கியது. இரும்பும் ஈரமும் அயினியும் சேர்ந்தால் அப்படித்தான். லில்லி அக்கா கூப்பிட்டுக் காட்டினார். அண்ணாந்து பார்த்ததுமே அது என்ன கறை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் வேறொன்று சொன்னது.

"மரம் வேர்க்குது அக்கா. நல்ல மரம்னா வேர்க்கும். ஜப்பான்ல இத ஐசுவரியம்னு சொல்லுவாவ."

"வேர்க்குமா!" என்றார் அவர். எத்தனை மனிதர்களின் வியர்வையைத் துடைத்த கை! ஏணியில் ஏறி, அந்தக் கையால் கறையைத் தொட்டுப் பார்த்துப் புன்னகைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்: "பாருங்க, எனக்க உத்திரம் வேர்க்குது."

நான் வெளியே வந்து சிரித்தேனா? சிரித்தேன்... வண்டியைக் கிளப்புவதற்குள் அது நின்றுவிட்டது.

இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். மரத்துக்குள் இடம் கேட்கும். கொடுக்காவிட்டால் பிளந்துகொண்டு எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியும். தெரிந்து, ஒவ்வொரு வாரமும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வீட்டுக்குப் போவேன். ஊஞ்சல் போய் வரும் ஒவ்வொரு வீச்சுக்கும் என் பல் கடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஊஞ்சல் ஆடுவது ஜப்பானில் ஆகாது என்று ஒரு தடவை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார். மழை விட்டதும் அவரே ஆள் வைத்துக் கட்டிவிட்டார்.

ஒருநாள் முளையிலிருந்து முளைக்கு மெல்லிய கோடு ஓடியிருந்தது. முடி கனம்.

"இது என்ன, ஜஸ்டினு?" லில்லி அக்காவின் குரலில் அன்று புன்னகை இல்லை.

"மரம் கொஞ்சம் பச்சையா இருந்திருக்கும் அக்கா. தங்கையன்தான் பாத்து எடுத்தான்..."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. அதனால் அது பொய் இல்லை என்று பல நாள் எனக்கே வாதாடியிருக்கிறேன். தங்கையன்தானே பார்த்து எடுத்தான்? ஆமாம். உண்மைதானே? ஆமாம்... எவ்வளவு சுத்தமான உண்மை! அதை எடுத்து ஒருவன் முதுகில் குத்த முடியும் என்று அன்றுதான் கற்றேன்.

லில்லி அக்கா நேர்மையானவர். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். மறுநாளே முக்கில் சாயாக்கடை முன்னால் தங்கையனைப் பார்த்ததும் கேட்டுவிட்டார், நாலு பேர் நிற்கும்போது: "பச்ச மரத்தக் கொண்டு எனக்க தலைக்கு மேல வச்சியே, நீ செய்தது சரியா?"

முன்கோபியான தங்கையன் குடித்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டானாம். நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"மக்கா, நான் பச்ச மரமாலே எடுத்தேன்? தட்டிப் பாத்தேன் இல்லையா? நீயும் கூடத்தானே நின்ன?"

இதோ, இந்த இடம். நான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்துக்கொண்டு வந்தது இதற்காகத்தான். அவன் என்னிடம் ஒரு சாட்சி கேட்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். மெல்லத் தட்டினேன். எவ்வளவு பெருந்தன்மை என் முகத்தில் இருந்திருக்கும்!

"விடு மக்கா. யாருக்கும் வாற தப்புதானே."

அவன் தலை தாழ்ந்தது. "எனக்குத் தெரியாமப் போச்சே..." என்று மட்டும் சொன்னான். நன்றியோடு சொன்னான்!

அதன் பிறகு அவன் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தத் தடியைத் தட்டினாலும் சந்தேகம். மறுபடி தட்டுவான், காதை வைப்பான், விலகிப் போவான். கடைசியில் கருவிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத் திங்கள்சந்தையில் அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் சேர்ந்தான். வருகிறவர்களிடம் "என்ன அளவு வேணும் சார்?" என்று கேட்கும் வேலை. அலுமினியத்தின் முன்னால் யாரும் இடுப்பு வளைப்பதில்லை.

நான்? ஜப்பான் ஜஸ்டினாகவே இருந்தேன். விரிசலில் பசையைத் தேய்த்து, ஊஞ்சலுக்கு ஒன்றும் ஆகாது என்று லில்லி அக்காவிடம் சொல்லியும் விட்டேன்.

பிறகு வந்த எடவப்பாதி கடுமையாக இருந்தது. காற்று கடலிலிருந்து நேராக ஏறி வந்தது. பிற்பகல் நேரம். லில்லி அக்காவின் அழைப்பு.

"ஜஸ்டினு, உத்திரம் என்னமோ சத்தம் போடுது. டக்கு டக்குன்னு."

"பிள்ளைகள் வந்தாச்சா?"

"வந்தாச்சு. ஷைனி ஊஞ்சல்ல..."

"எறக்குங்க அக்கா!" என்று அலறினேன். காற்று இரைந்தது. அவருக்குக் கேட்டதோ என்னவோ, தொடர்பு அறுந்துபோனது.

வண்டியில் போனேன். மழை முகத்தில் அறைந்தது. மணவாளக்குறிச்சியிலிருந்து கடியப்பட்டணம் என்ன தூரம்? கூப்பிடு தூரம். அன்று அது நீண்டுகொண்டே போனது. வழியெல்லாம் நான் செபித்தேன் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்!

கூடத்து வாசலில் நின்றபோது ஊஞ்சல் உயரத்தில் இருந்தது. ஷைனியின் கால்கள் நீட்டியிருந்தன. மற்றப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். லில்லி அக்கா சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

உத்திரத்தில் ஒரு வெடிப்பு. பட்!

வட்ட மரமுளை ஒன்று தெறித்து ஷைனியின் மடியில் விழுந்தது. அவள் ஆடிக்கொண்டே அதை எடுத்துப் பார்த்தாள்.

நான் ஓடிப்போய் ஊஞ்சலை மார்பால் நிறுத்தி, அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எல்லாப் பிள்ளைகளையும் வெளியே விரட்டினேன். தலைக்கு மேலே மரம் முனகிக்கொண்டிருந்தது. விழவில்லை... ஆனால் நடுவில் இறங்கிய இறக்கம் இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

லில்லி அக்கா ஷைனியின் கையிலிருந்து முளையை வாங்கினார். அதன் அடிப்புறம் செம்மண் நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜப்பான்ல..." என்று என் வாய் தானாகவே தொடங்கியது. நம்புங்கள், தானாகவே! அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது எங்க அப்பாவுக்க வீட்டு வாசம், ஜஸ்டினு. இது துரு."

சொன்னேன். துடைப்பத்திலிருந்து தொடங்கி, கோட்டைத் தின்றது, கொடியேற்று நாள், வியர்வை, அந்தப் பாதி வாக்கியம் வரை எல்லாவற்றையும் மழைச் சத்தத்துக்கு மேலே சொன்னேன். நோயாளியின் பேச்சைக் கேட்கும் நர்ஸைப்போல அவர் முகம் அசையாமல் நின்றார். முடித்ததும் ஒரே கேள்வி.

"தங்கையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவனக் கூட்டிட்டு வா. அவன் வந்து தொடட்டு, நீ தொடாத."

திங்கள்சந்தைக் கடையில் தங்கையன் யாருக்கோ கண்ணாடி அளந்துகொண்டிருந்தான். உத்திரம் இறங்குகிறது என்றதும், எதுவும் கேட்காமல் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியின் பின்னால் ஏறினான். "எனக்க மரத்தாலதானே..." என்று முணுமுணுத்தான். பிடிப்புக்காக என் தோளில் கை வைத்திருந்தான்.

சாலையைப் பார்த்தபடியே சொன்னேன். முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. வண்டி ஓட்டுவது நல்ல சாக்கு. உன் மரம் நல்ல மரம் மக்கா. காய்ந்த மரம். நான்தான் மக்கா... என்று தொடங்கி, அந்தக் கும்பிடு வரை சொன்னேன். எங்கோ ஓரிடத்தில் என் தோளிலிருந்து அந்தக் கை எடுபட்டது. கண்ணாடியில் பார்த்தேன். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோப்புகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

தென்னந்தடிகளை நிறுத்தி, அடியில் ஆப்பு அடித்து, அவன் உத்திரத்தைத் தாங்கவைத்தான். நான் தடியைப் பிடிக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னான். ஊஞ்சலை மட்டும் என்னை அவிழ்க்கவிட்டார்கள். நான் போட்ட முடிச்சு. மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று.

இப்போது அந்தக் கூடத்தின் நடுவில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. வருகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள். ஊஞ்சல் இல்லை. எதற்காக அந்தத் தூண் என்று யாராவது கேட்டால், என்னைக் கேட்கச் சொல்கிறாராம் லில்லி அக்கா. கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு வேடிக்கையைச் சேர்த்துவிடுகிறேன், சிரித்தும் விடுகிறார்கள்... அதுதான் என்னைத் தின்கிறது.

ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும் லில்லி அக்கா ஒரு டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். ஒரே டம்ளர். தங்கையன் கையில் கொடுத்தார்.

"மக்ளே, நாலு பேரு முன்னால வச்சு ஒன்ன அப்பிடிக் கேட்டுப்போட்டேன்."

"செரி அக்கா" என்றான்.

நான் அவிழ்த்த கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். மழை விட்டிருந்தது. ஏதாவது வேடிக்கை சொல்லலாமா என்று நாக்கு துழாவியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"மக்கா..." என்றேன். "எல்லாம் எனக்க தப்பு. என்ன மன்னிச்சிரு."

தங்கையன் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் வைத்தான். என் பக்கத்தில் வந்தான். என் தோளில் கை வைத்து மெல்லத் தட்டினான்.

"விடுங்க சார். யாருக்கும் வாற தப்புதானே."